முதல் நிமிடத்தின் மதிப்பெண்

இளங்கலை மாணவிகளுக்குச் சிற்றிலக்கியம் நடத்தும்போது பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் கரும்பலகையில் எழுதிப்போடுவது என் வழக்கம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று அந்த வரிசை போகும். முதலாவதான காப்புப் பருவத்தைப் பாட்டியல் நூல்கள் குழந்தையின் இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ வைக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, “அதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளை என்ன மேம் பண்ணிக்கிட்டிருந்துச்சு?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பருவத்துக்குப் போய்விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை பிழைக்கப் போராடிக்கொண்டிருந்தது. பிழைத்துத் தங்கும் என்று தெரிந்த பிறகே நம் புலவர்கள் பாட வந்தார்கள் என்பது என் ஊகம். வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது. என் அம்மாச்சி தன் பேறுகாலங்களைப் பற்றிப் பேசினால், “ஒம்பது பெத்தேன், ஆறு தங்குச்சு” என்பாள். தங்காத மூன்றில் ஒன்று பெண், ஏழாம் நாள் போயிற்று. இரண்டு ஆண்கள், பிறந்த அன்றே போனார்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது. மூன்று குழந்தைகளும் ஒரு கணக்கில் மட்டுமே மிஞ்சியிருந்தன, அந்தக் கணக்கும் அவள் ஒருத்தியின் நினைவில்தான் இருந்தது. அடுத்துப் பிறந்த என் மாமாவைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். குப்பை என்றால் எமனும் சீந்த மாட்டான் என்ற நம்பிக்கை.

பிறந்த முதல் மணியில், முதல் நாளில் குழந்தைக்கு என்ன செய்யப்படுகிறது? யார் செய்கிறார்கள்? யாருடைய குழந்தைக்குச் செய்கிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதற்குள் நான் நுழைந்தது என் மகளின் மருத்துவமனைத் தாள் ஒன்றின் வழியாக.

அவள் பிறந்தவுடன் அழவில்லை. பிரசவ அறையில் இருந்த சிஸ்டர் ஒரு துணியால் அவள் முதுகை அழுத்தித் துடைத்தார், உள்ளங்காலைச் சுண்டினார். எனக்கு அது பல யுகங்களாகத் தோன்றியது. பிறகு அழுகுரல் கேட்டது. கதவுக்கு வெளியே நின்ற என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, “என்ன குழந்தை?” வீட்டுக்கு வந்தபின் டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டினேன். ‘ஆப்கர் 6, 9’ என்று எழுதியிருந்தது. பத்துக்கு ஆறு, பத்துக்கு ஒன்பது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திய எனக்கு, பிறந்த குழந்தைக்கும் மதிப்பெண் போடுவார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஆப்கர் என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அறுவை அறையிலிருந்து பிரசவ அறைக்கு

வர்ஜீனியா ஆப்கர் 1909-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். 1933-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். வகுப்பில் நான்காம் இடம். அறுவை மருத்துவர் ஆவதுதான் அவர் ஆசை, பயிற்சியும் தொடங்கிவிட்டார். துறைத் தலைவராக இருந்த ஆலன் விப்பிள் அவரை அழைத்து அந்த வழி வேண்டாம் என்றார். திறமை போதாது என்பது காரணமல்ல. தாம் முன்பு பயிற்றுவித்த பெண்கள் அறுவை மருத்துவத்தில் பிழைப்பு நடத்த முடியாமல் போனதை அவர் பார்த்திருந்தார். அதற்குப் பதிலாக மயக்க மருந்துத் துறைக்குப் போகச் சொன்னார். அந்நாளில் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் செவிலியர் வேலையாக இருந்தது. பெண்களின் வேலை, எனவே ஒரு பெண் அங்கே போகலாம்.

அவர் போனார். விஸ்கான்சினில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது பெண் மருத்துவர் தங்க இடமில்லாமல் அறை மாற்றி அறை மாறினார். 1938-இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்கவியல் பிரிவின் பொறுப்பை ஏற்றார். பத்தாண்டுகளுக்கு மேல் அந்தப் பிரிவைக் கட்டி வளர்த்தார். 1949-இல் அது தனித்துறை ஆனபோது தலைவர் பதவி ஓர் ஆணுக்குப் போயிற்று. ஆப்கருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் முழுநிலைப் பேராசிரியரான முதல் பெண் அவர்தான். தலைமை கைவிட்டுப் போன அந்தக் கட்டத்தில் அவர் தம் கவனத்தைப் பிரசவ அறையின் பக்கம் திருப்பினார்.

பிரசவ அறையில் அப்போது எல்லார் கண்ணும் தாயின் மேல் இருந்தது. அது நியாயமும்தான். ஆனால் வெளியே வந்த குழந்தையைப் பார்க்கவென்று ஒருவர் அங்கே இல்லை. நீலம் பாரித்து, மூச்சு தடுமாறிப் பிறந்த குழந்தைகள் பல, பிழைக்காது என்று ஒதுக்கி வைக்கப்பட்டன, இறந்து பிறந்தவை என்றே பதிவாயின. அவற்றில் எத்தனை மூச்சுக்கு உதவியிருந்தால் பிழைத்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை.

புதிதாய்ப் பிறந்த குழந்தையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் காலை உணவின்போது கேட்டாராம். அது எளிது என்று சொல்லி, கைக்குக் கிடைத்த தாளில் ஐந்து குறிகளை ஆப்கர் எழுதிக் கொடுத்தாராம். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் எதிர்வினை, நிறம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. கூட்டினால் அதிகபட்சம் பத்து. 1952-இல் இதை ஒரு மருத்துவ மாநாட்டில் முன்வைத்தார், 1953-இல் கட்டுரையாக வெளியிட்டார். குழந்தை பிறந்து ஒரு நிமிடத்தில் மதிப்பிட வேண்டும் என்பது அவர் வைத்த விதி. ஐந்தாம் நிமிட மதிப்பீடு பின்னர் சேர்ந்தது.

அவர் சொன்ன இன்னொன்று, விடைத்தாள் திருத்துகிற எனக்குப் பிடித்தது. பிரசவம் பார்த்தவரே மதிப்பெண் போடக்கூடாது என்றார். தம் கையில் பிறந்த குழந்தை நன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. வேறொருவர் பார்க்க வேண்டும். நாங்கள் புறத் தேர்வாளர் என்போமே, அதே முறை.

இதில் கருவி எதுவும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் மதிப்பெண் போட வேண்டுமானால் ஒருவர் குழந்தையின் பக்கத்தில் நின்று பார்த்தாக வேண்டும். மூன்று என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஐந்தாம் நிமிடத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏற வைக்க ஏதாவது செய்ய வேண்டும். தாய்க்குக் கொடுக்கும் மயக்க மருந்து குழந்தையை எப்படிப் பாதிக்கிறது என்பதும் இந்த எண்களால் தெரியவந்தது. ஆப்கர் மிகவும் விரும்பிப் பயன்படுத்திய ஒரு மயக்க வாயு குழந்தைகளைச் சோர்வாக்குகிறது என்று தெரிந்ததும், அதை அவரே கைவிட்டார்.

மாணவிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மதிப்பெண் குழந்தையின் அறிவையோ எதிர்காலத்தையோ சொல்வதில்லை. மூச்சு விடாத குழந்தைக்கு உதவி செய்ய ஒரு நிமிடம் முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதும் இல்லை, உதவி உடனே தொடங்கிவிடும். பிறந்த முதல் நிமிடங்களில் குழந்தை எந்த நிலையில் இருந்தது என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். ‘ஆறு’ என்று எழுதப்பட்ட என் மகள் இப்போது என்னோடு எல்லாவற்றுக்கும் வாதாடுகிறாள்.

இளஞ்சிவப்பு என்ற அளவுகோல்

ஐந்து குறிகளில் நிறம் மட்டும் என்னை உறுத்தியது. உடல் முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டு, உடல் சிவந்து கை கால் மட்டும் நீலமாக இருந்தால் ஒன்று, நீலமாகவோ வெளிறியோ இருந்தால் பூஜ்யம். யாருடைய குழந்தை இளஞ்சிவப்பாகப் பிறக்கும்? இதைப் பார்த்ததும் கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன். படித்துப் பார்த்தால், ஐந்தில் மிகவும் திருப்தியற்ற குறி நிறம்தான் என்று ஆப்கரே 1953-இல் ஒப்புக்கொண்டிருக்கிறார். கறுப்பினக் குழந்தைகளின் தோல் நிறம் இந்தக் கணிப்பைக் குழப்புகிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் குறி அப்படியே நிலைத்தது. நம் பிரசவ அறைகளில் அனுபவமுள்ள செவிலியர்கள் உதட்டையும் நாக்கையும் வாயின் உட்புறத்தையும் பார்க்கிறார்கள். கறுத்த குழந்தைக்கும் நாக்கு சிவப்புதான்.

ஆப்கரைப் பெண்ணியத்தின் கொடியாகப் பிடிப்பதும் கடினம். பெண் என்பது தமக்குத் தடையாக இருந்ததில்லை என்றே பொதுவெளியில் அவர் பேசிவந்தார். சம்பளத்தில் காட்டப்பட்ட பாகுபாடு பற்றித் தனிப்பட்ட முறையில் மனம் புழுங்கினார். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கும் இந்த நிலை, கல்லூரி ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் புதிதல்ல. 1960-களில் ஒரு குழந்தை மருத்துவர் அவர் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் ஐந்து குறிகளுக்கான நினைவுச் சுருக்கமாகப் பொருத்திக் காட்டினார். மனப்பாடம் செய்ய அது உதவியது. பெயருக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள் என்பது அதனால் பலருக்கு மறந்தும் போயிற்று.

துணி, பால், உடல் சூடு

மதிப்பெண் போட்டாயிற்று, பிறகு? இன்றைய மருத்துவம் பிறந்த குழந்தைக்கு இன்றியமையாதவை என்று சொல்லும் பட்டியலைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உடனே துடைத்து ஈரத்தைப் போக்குவது. தாயின் வெற்று மார்பில் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்துவது. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டு, சுத்தமான கருவியால் வெட்டி, வெட்டிய இடத்தில் எதையும் பூசாமல் விடுவது. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பது. குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப்போடுவது. எடை பார்ப்பது. இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி. நம் நாட்டில் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. பத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சு விடத் தொடங்க ஏதாவது உதவி வேண்டியிருக்கும். அவற்றுள்ளும் பல, துடைத்து முதுகைத் தேய்த்தாலே அழுதுவிடும். மிகச் சிலவற்றுக்கே பையும் முகமூடியும் வைத்துக் காற்றைச் செலுத்த வேண்டும்.

ஊசியையும் தடுப்பூசியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது துணி, பால், ஒரு பெண்ணின் உடல் சூடு, இன்னொரு பெண்ணின் கை. இதைப் படிப்பவர்களுக்கு, “எல்லாம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதானே” என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அம்மாச்சியின் ஏழாம் நாள் குழந்தை குறுக்கே வருகிறது.

ஏழாம் நாள் என்பது பெரும்பாலும் ரண ஜன்னி. அழுக்கான அரிவாளாலோ பழைய பிளேடாலோ கொடியை வெட்டி, அதன்மேல் சாணியோ சாம்பலோ வைத்தால் வருவது. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கீழே விட்டோம். முதலில் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தோம். பிறந்த ஈரத்தோடு குளிப்பாட்டினோம், அதில் குறைப்பிள்ளைகள் விறைத்துப் போயின. இவையும் பாட்டிமார்கள் செய்தவைதான். இதற்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தமிழகத்தின் பல பகுதிகளில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகப் பெண்கள். இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்பதால் அந்த வேலை அவர்கள் தலையில் கட்டப்பட்டது. கூலியாகக் கொஞ்சம் தானியமும் பழைய சேலையும் கிடைத்தன. அவர்கள் கையில் சுத்தமான பிளேடு ஒன்றைக் கொடுக்க ஊருக்குத் தோன்றவில்லை. தாய்மார்களுக்கும் சேய்களுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் உறுதி செய்யப்பட்டது. கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் சேர்ந்து செய்த வேலை அது.

மருத்துவமனையும் தவறு செய்தது. குழந்தையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டியது, தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் படுக்க வைத்தது, கொடியை உடனே வெட்டியது, புட்டியைக் கையில் கொடுத்தது. திரும்பி வர அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாதபோது, எட்கர் ரே என்ற மருத்துவர் குறைப்பிள்ளைகளைத் தாயின் மார்போடு கட்டி வைத்தார். வேறு வழியில்லாமல் செய்த அந்தக் கங்காரு முறை இன்று உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. பாட்டி பக்கமா மருத்துவமனை பக்கமா என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டு இடத்திலும் குழந்தையை உற்றுப் பார்த்தவர் யார் என்பதே என் கேள்வி.

என்ன குழந்தை?

ஆப்கரின் ஐந்து குறிகளில் ‘என்ன குழந்தை’ என்ற கேள்வி இல்லை. இது சாதாரணச் செய்தி அல்ல.

உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை 1986-இல் ஓர் ஆங்கில இதழ் நாடறியச் செய்தது. கள்ளிப்பால், நெல்மணி என்ற சொற்கள் அதன்பின் எல்லார் வாயிலும் அடிபட்டன. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது, 1994-இல் ‘கருத்தம்மா’ வந்தது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவர்களில் பெற்ற தாய்மார்களும் இருந்தார்கள். வரதட்சணை கேட்டவர்கள் எவரும் அதற்காக அந்தக் கூண்டுக்கு வரவில்லை. பெண் குழந்தைகளுக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைத்த ஊர் நம்முடையது. எமனை ஏமாற்றக் குப்புசாமி, பெண்ணை நிறுத்த வேண்டாம்.

உயிரியல் கணக்கு வேறு. பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்குப் பிழைக்கும் வலு இயற்கையிலேயே அதிகம். அவர்கள் சம அளவிலோ கூடுதலாகவோ இறந்தால், அங்கே இயற்கையைத் தாண்டி வேறொன்று வேலை செய்கிறது என்று பொருள். அதற்குக் கள்ளிப்பால் தேவையில்லை. மூச்சுத் திணறும் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆட்டோ கூப்பிடாமல் இருந்தாலே போதும். அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவுகளில் சேர்க்கப்படும் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிடக் குறைவு என்று யுனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. வர வேண்டிய பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்?

மணி நகர்த்திய பெண்கள்

ஆப்கரின் முறை மருத்துவமனைக்கு உரியது. மருத்துவமனை எட்டாத ஊரில் யார் பார்ப்பது? இதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலிருந்து ஒரு பதில் வந்தது. மருத்துவர்களான ராணி பங், அபய் பங் தம்பதியர் 1986-இல் அங்கே ‘சர்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தைக்கு நிமோனியா இருக்கிறதா என்று அறிய, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். ஊர் மருத்துவச்சிகள் பலருக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதனால் மணிகள் கோத்த ஒரு சட்டத்தையும் ஒரு நிமிட மணல் கடிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் ஆபத்து.

அடுத்து 39 ஊர்களில், ஐந்தாவது முதல் பத்தாவது வரை படித்த உள்ளூர்ப் பெண்களைப் பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கப் பழக்கினார்கள். வீடு வீடாகப் போய் எடை பார்ப்பது, எடை குறைந்த குழந்தையைக் கதகதப்பாக வைக்கச் சொல்லிக் கொடுப்பது, மூச்சு வராத குழந்தைக்கு உதவுவது, சீழ்நோயின் அறிகுறிகளைக் கண்டுபிடித்து ஆன்டிபயாடிக் கொடுப்பது. கடைசி வேலை மருத்துவ உலகில் புருவங்களை உயர்த்தியது. பத்தாவது படித்த பெண் ஊசி போடுவதா? 1999-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியாயிற்று. ஆயிரம் பிறப்புக்கு 62 என்றிருந்த முதல் மாத இறப்பு அந்த ஊர்களில் சுமார் 25-ஆக இறங்கியிருந்தது. 2011-இல் ‘ஆஷா’ பணியாளர்கள் பச்சிளங்குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் முறை நாடு முழுவதற்கும் வந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 42 நாளில் ஆறு முறை, வீட்டில் பிறந்திருந்தால் ஏழு முறை. அந்த அத்தனை நடைக்கும் சேர்த்து அவர்களுக்கு வைத்த ஊக்கத்தொகை 250 ரூபாய். பெண்களின் கையை நம்பலாம் என்று நிரூபித்த பிறகும் அந்தக் கைக்கு உரிய கூலி வரவில்லை.

ஆப்கர் 1974-இல் இறந்தார். தம் பெயர் எத்தனை மொழிகளில், எத்தனை பிரசவ அறைகளில் எழுதப்படும் என்பதை முழுதாகப் பார்க்க அவர் இல்லை. முதுகைத் துடைத்து என் மகளை அழவைத்த சிஸ்டரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாச்சியின் மூன்று குழந்தைகளுக்கு மதிப்பெண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

இப்போது பிள்ளைத்தமிழ் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், காப்புப் பருவத்துக்கு மேலே கரும்பலகையில் ஒரு வரி இடம் விடுகிறேன். அதில் எதுவும் எழுதுவதில்லை. “உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் போய், எத்தனை பெற்றீர்கள், எத்தனை தங்கியது, தங்காததற்கு என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதி வாருங்கள்” என்று மாணவிகளிடம் சொல்கிறேன். மதிப்பெண் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்பேன். பத்துக்கு.